ஆவி படியாத வட்டம்

புதுக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த பின்கட்டின் குளியலறையில் ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் குளிக்கிற இடத்தில் கண்ணாடி கிடையாது. வீட்டுக்காரர் பர்மாவில் வியாபாரம் செய்துவிட்டு, யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பே ஊர் திரும்பியவர். கப்பலில் ஏற்றி வந்த தேக்கு பீரோ வழியிலேயே உடைந்துபோக, அதன் கதவுக் கண்ணாடி மட்டும் கீறல் விழாமல் தப்பித்ததாம். அதை என்ன செய்வதென்று தெரியாமல், பின்கட்டைக் கட்டும்போது குளியலறைச் சுவரில் நிறுத்திச் சுற்றிலும் காரை பூசிவிட்டார். என் தலைக்கு மேலே ஒரு சாணில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் கண்ணாடி அது.

வெந்நீர் போடுவதும் அந்த அறையில்தான். மூலையில் அடுப்பு கட்டி, அதன்மேல் செம்புத் தவலையைப் பதித்திருந்தார்கள். புகை போக ஒரு சிறு துவாரம். ஜன்னல் இல்லை. வெளிச்சத்துக்குக் கூரையில் ஓடுகளுக்கு நடுவே ஒரேயொரு கண்ணாடி ஓடு. காலையில் தவலைத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் அறை முழுக்க ஆவி நிறையும். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயில் அந்த ஆவிக்குள் சாய்வாக, வெளுத்துக் காயப்போட்ட வேட்டி போலத் தொங்கும். கையை நீட்டினால் விரல்கள் வேறு யாருடையவோ போலத் தெரியும். அடுப்பில் எரிகிற தென்னைமட்டையின் வாசனை, சீயக்காய் வாசனை, ஈரச் செங்கல்லின் வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இன்றைக்கும் தூக்கம் கலைந்தும் கலையாமலும் இருக்கிற வேளைகளில் நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தன் முகத்தில் தானே கத்தி வைத்துக்கொண்ட முதல் ஆளும் நான்தான். இலுப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவுக்கு நாவிதர்தான் சவரம் செய்வார். களத்து ஓரத்துப் புளியமரத்தடியில் இருவரும் எதிரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலை முடிந்ததும் நாவிதர் உள்ளங்கையகலக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் பிடிப்பார். அப்பா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார். மறுபடி அந்த முகத்தை அவர் பார்ப்பது அடுத்த சவரத்தின்போதுதான். எனக்கோ தினமும் காலையில் முழு ஆளையும் காட்டுகிற கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. நிரந்தரமாக இருந்தவர் பட்டாளத்துக்குக் குமாஸ்தாவாகப் போய்விட்டதால் அவர் இடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். வாத்தியார்கள் முகம் மழித்து, தலை வாரி வர வேண்டும் என்பது ஹெட்மாஸ்டரின் உத்தரவு.

ஆகவே ரேசர் ஒன்று வாங்கினேன். யுத்தத்தில் பிளேடு கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. கண்ணாடித் தம்ளருக்குள் பழைய பிளேடை வைத்து விரலால் அழுத்தி, இங்கிட்டும் அங்கிட்டுமாகத் தேய்த்துத் தேய்த்துக் கூர் ஏற்றிக்கொள்வேன். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது அந்த ஆவிதான். முகத்தில் நுரை பூசிக்கொண்டு நிமிர்ந்தால் கண்ணாடியில் நான் இருக்க மாட்டேன். பால் நிறத்தில் ஒரு சுவர் மட்டும் இருக்கும். துண்டால் துடைத்தால் மூக்கும் கன்னமும் ஒரு கணம் எட்டிப் பார்க்கும். கத்தியை எடுப்பதற்குள் மறைந்துவிடும். கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன். புகை வீட்டுக்குள் போயிற்று. தண்ணீரை அள்ளிக் கண்ணாடிமேல் அடித்தேன். துளித் துளியாய் வழிந்து, என் முகத்தை அம்மைத் தழும்புக்காரன் முகமாக்கியது. நீராவி குளிர்ந்த பரப்பில்தான் படியும் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம். அப்படியானால் கண்ணாடியைச் சூடாக்கினால் போயிற்று என்று அரிக்கேன் விளக்கை அதன் அருகில் பிடித்தேன். கண்ணாடி ‘டிக்’கென்று ஒரு சத்தம் போட்டது. பர்மாவிலிருந்து பத்திரமாக வந்ததை நான் உடைக்க வேண்டாம் என்று விளக்கை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

கல்யாணம் ஆகி என் மனைவி வந்த புதிதில் ஒருநாள், துண்டு கொடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்லைங்க. ஒரு கன்னத்துல அறுப்பு முடிஞ்சிருக்கு. இன்னொரு கன்னத்துல பயிரு நிக்கிது.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கையிலிருந்த பிரஷ் ஆடி, நுரை கண்ணாடியில் தெறித்தது. அவள் முந்தானையால் அதை அழுத்தித் துடைத்தாள். நான் மிச்சத்தை மழிக்கத் திரும்பியபோது கண்ணாடி முழுக்க ஆவி மூடியிருந்தது, அவள் துடைத்த இடத்தைத் தவிர. அங்கே ஒரு கோலிக்குண்டு அளவுக்கு என் தாடையின் ஓரம் துல்லியமாகத் தெரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆவி வந்துகொண்டேயிருந்தது. அந்தப் புள்ளி மூடவேயில்லை.

மறுநாள் சோப்பைக் கண்ணாடியில் லேசாக இழுத்து, உலர்ந்த துணியால் வெள்ளை தெரியாதபடி தேய்த்துவிட்டோம். அந்த இடம் முழுக்கத் தெளிவாக இருந்தது. சோப்பும் கிடைக்காத காலம் என்பதால் கண்ணாடி முழுவதற்கும் பூசக் கட்டாது. என் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் போட்டாள். அதற்குக் கீழே, பக்கவாட்டில், தன் உயரத்துக்கு இன்னொரு சின்ன வட்டம்.

“அது எதுக்கு?”

“நான் பொட்டு வைக்க வேணாமா? ஒங்க வட்டத்துல பாக்கணும்னா நான் மணை போட்டு ஏறணும்.”

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வட்டம் மங்கத் தொடங்கினால் அவளே புதுப்பித்துவிடுவாள். காலையில் ஆவிக்குள் நாங்கள் இரண்டு பேரும் காணாமல் போவோம். கண்ணாடியில் மட்டும் இரண்டு முகங்கள், உடம்பு இல்லாமல், வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருக்கும். அவள் பொட்டு வைத்துக்கொண்டே பேசுவாள். நான் உதட்டை மடித்துக்கொண்டு மழிப்பதால் பதில் சொல்ல முடியாது. அவளுக்கு அது சௌகரியமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் பிள்ளை தங்கவில்லை. அஞ்சாம் மாதத்தில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாளில் போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து ஆத்தா வந்தாள். வந்தவள் மருமகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கன்னத்தைத் தொட்டாள்.

“ஏன் அப்பு, மாசமா இருக்கயிலயும் தெனம் கத்தி வச்சியா?”

மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிணம் தூக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது, சவரம் கூடாது. எங்கள் ஊரில் யாருக்குத் தாடி வளர்ந்தாலும், ஒன்று அவர் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறார், அல்லது அவர் வீட்டில் தொட்டில் கட்டப் போகிறார்கள் என்று பெண்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தாடிக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆத்தாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுக்களையில் படுத்திருந்தவளின் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் ஆவணி கழிந்து ஒருநாள் காலை. தவலையில் தண்ணீர் கொதித்தது. நான் போய்ப் பார்த்தால் மாடத்தில் ரேசர் பெட்டி இல்லை. “இங்கிட்டு இருந்த பெட்டி எங்கே?” என்றேன். அவள் பரணைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டியை எடுத்துத் தா என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியில் என் வட்டத்துக்குள் போய் நின்று, முகத்தை வெறும் தண்ணீரால் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் சேதியை யாருக்கும் சொல்லவில்லை. என் முகம் சொல்லிவிட்டது. ஐப்பசியில் கறுப்பாய், கார்த்திகையில் புதராய், மார்கழிப் பனியில் காது வரை. சந்தையில் காய்கறிக்காரி, “எத்தினியாம் மாசம் சாமி?” என்று கேட்டுவிட்டுக் கைப்பிடிக் கீரையைக் கூடுதலாகப் போட்டாள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து என் மனைவியின் அண்ணன் பார்க்க வந்தார். வாசலில் என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“சாமி எந்த மடம்?”

“உள்ள வாங்க மச்சான்.”

“இல்ல, காணிக்க எதும் கொண்டாரல. வெறுங்கையா வரலாமா?” என்றவர், தங்கையைப் பார்த்ததும் விளையாட்டை விட்டுவிட்டார். “நல்லா இருக்கியாத்தா?” என்று கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அந்த மாதங்களில் அவள் அப்படித்தான். எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று ஒரு துணிகூட முன்கூட்டி வாங்கி வைக்கக்கூடாது, தொட்டில் பேச்சு எடுக்கக்கூடாது, பேர் நினைக்கக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். போன தடவை அவள் என் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். இந்தத் தடவை என் வேட்டி கிழிந்தபோது, கிழிந்த அன்றைக்கே அடுப்பு துடைக்கப் போட்டுவிட்டாள். துணைக்கு வந்து தங்கியிருந்த ஆத்தா அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

மாசி மாதம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“இத்தனை நாளா நானும் பாத்துக்கிட்டிருக்கேன். வீட்டு விஷயம், கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். ஆனா அவரு முன்னாடி பண்டாரம் கணக்கா நின்னா என்னைத்தான் கேப்பாரு. நீர் டெம்பரவரி. ஒரு வார்த்தை அவர் எழுதிட்டுப் போனா, அப்புறம் நான் என்ன செய்யறது? மழுமழுன்னு வாரும்.”

வீட்டில் ஆத்தாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். “வேல முக்கியந்தேன்” என்றாள். சற்றுக் கழித்து, “அதுவும் முக்கியந்தேன்” என்றாள்.

வியாழக்கிழமை காலை நானே அடுப்பை மூட்டினேன். பரணிலிருந்து பெட்டியை எடுத்தேன். பிளேடைத் தம்ளரில் தேய்த்தேன். குளியலறைக்குள் போனபோது ஆவி அடர்ந்திருந்தது. பல மாதங்களாக நான் மழிக்காததால் என் வட்டத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. அது மங்கிப்போய், அவளுடைய பொட்டு வட்டம் மட்டும் தாழ்வாகத் தெளிந்திருந்தது. தாடியில் நுரையைப் பூசிக்கொண்டு எதிரில் நின்றேன். என்னைக் காணவில்லை. அந்தக் காணாமை நன்றாக இருந்தது. முகம் தெரியாத வரை முடிவு செய்ய வேண்டியதில்லை.

கதவு கிறீச்சிட்டது. அவள் வந்தாள். வயிறு முன்னால் வந்தது, பிறகு அவள். சோப்பை எடுத்தாள், எக்கி நின்று என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் இழுத்தாள், முந்தானையால் தேய்த்தாள். சிறுகச் சிறுக நெற்றி, கண், நுரை பூசிய தாடி எல்லாம் வெளியே வந்தன.

“தெரியுதுங்களா?” என்றாள்.

“தெரியுது.”

“அப்ப செஞ்சுக்கங்க. நேரமாகுது.”

ரேசரைக் கன்னத்துக்குக் கொண்டுபோனேன். வட்டத்தில் என் முகத்துக்குப் பின்னால், தோளை ஒட்டி, அவள் முகமும் தெரிந்தது. கண்களை இறுக மூடியிருந்தாள். ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி. கீழே பொட்டு வட்டத்தில் அவளுடைய இரண்டு கைகளும் வயிற்றின்மேல் தெரிந்தன. காதைப் பொத்துவது போல வயிற்றைப் பொத்தியிருந்தாள். கண்ணாடி மங்கியிருந்தால் நான் அதைப் பார்த்திருக்க மாட்டேன். மழித்து முடித்து, சட்டை போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

ரேசரைத் தண்ணீரில் போட்டேன். அந்தச் சத்தத்தில் கண் திறந்தாள். நான் ஒரு சொம்பு வெந்நீரை எடுத்து நுரையைக் கழுவினேன். தாடியிலிருந்து சொட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, “வேல?” என்றாள்.

“பாப்போம்.”

“ஆத்தா கேட்டா?”

“பிளேடு கூரா இல்லன்னு சொல்லு.”

அவள் சிரித்தாள். மாதக் கணக்கில் நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. ஆவிக்குள் அது மெல்லக் கரைந்து போயிற்று.

இன்ஸ்பெக்டர் என் வகுப்புக்குப் பிற்பகலில் வந்தார். வெள்ளைக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, மழுமழுவென்ற முகம். ஹெட்மாஸ்டர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு என் தாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நான் பனி எப்படி உண்டாகிறது என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, “வீட்டில பாக்கிற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்களேன்” என்றார். எனக்கு அந்தக் கணம் வேறு எதுவும் தோன்றவில்லை. குளியலறைக் கண்ணாடியைச் சொன்னேன். வெந்நீர், ஆவி, குளிர்ந்த கண்ணாடி, அதில் படியும் நுண்ணிய துளிகள். சோப்புப் பூசித் துடைத்தால் முகம் தெரியும் என்பதையும் ஆர்வத்தில் சொல்லிவிட்டேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். “அப்படியா? எங்க வீட்டில தினம் இந்த ரோதனைதான்” என்றவர், என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். “கண்ணாடி இவ்வளவு தெளிவா இருந்தும் சவரம் பண்ணலையே, சார்?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஹெட்மாஸ்டர் மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

“வீட்ல மாசமா இருக்காங்க சார்” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் தம் தாடையைத் தடவிக்கொண்டார். தடவுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. “எத்தனாவது மாசம்?” என்று தணிந்த குரலில் கேட்டார். சொன்னேன். “சரி, பாடத்தை நடத்துங்க” என்று எழுந்துவிட்டார். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் என்னைத் தாண்டிப் போகும்போது, “தப்பிச்சீர்” என்று மட்டும் சொன்னார். வேலை நிரந்தரமாகவில்லை, போகவும் இல்லை. பட்டாளத்துக்காரர் திரும்பும் வரை இருக்கலாம் என்று ஆயிற்று.

பங்குனியில் வளைகாப்பு முடிந்து அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வண்டி வந்தது. மச்சான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஆத்தா மூட்டைகளை ஏற்றினாள். அவளைக் காணோம்.

“எங்கத்தா போனா? வெயில் ஏறுது!” என்று ஆத்தா வாசலிலிருந்து சத்தம் போட்டாள்.

“வாரேன், வாரேன்!” என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. கை நிறைய வளையல்கள் குலுங்குகிற சத்தமும் கூடவே வந்தது. விட்டு விட்டு, ஒரே சீராக, எதையோ தேய்ப்பது போல. வெளியே வந்தபோது முந்தானை ஈரமாக இருந்தது. “முகம் கழுவினேன்” என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, “ஒங்களுக்குப் போட்டு வச்சிருக்கேன். கை படாம இருங்க” என்றாள். மச்சான், “என்னத்தப் போட்டு வச்சிருக்கே, ஊறுகாயா?” என்று கேட்டார். வண்டி திரும்பியது. தெருமுனை வரை வளையல் சத்தம் கேட்டது.

ஆத்தாவும் கூடவே போய்விட்டாள். நான் தனியாக இருந்தேன். வெயில் காலம், வெந்நீர் வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியிலேயே குளித்தேன். குளியலறைக்குள் விறகும் மட்டையும் எடுக்கப் போகிறபோது மட்டும் கண்ணாடியைப் பார்ப்பேன். ஆவி இல்லாத கண்ணாடியில் வட்டம் தெரியாது. முழுக்க முழுக்க ஒரு தாடிக்காரன் நிற்பான். தாடிக்குள் வேர்த்து அரித்தது. மத்தியானங்களில் நான் கயிற்றுக்கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினால், எங்கேயோ வளையல் குலுங்கும். எழுந்து பார்த்தால் வீட்டுக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். என்னைப் போல் நாலு எழுத்துப் படித்தவன் கும்பிடக்கூடாது என்றில்லை; ஆனால் யாரிடம், என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் தாடியைத் தடவிக்கொண்டேன். இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று. எனக்குத் தெரிந்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், வாசலில் ஒரு கறுத்த மனிதர் நின்றார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. பின்னால் ஓர் உலையைக் கட்டிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, ஏற்றம் வந்தால் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லும். அந்தப் பஸ்ஸில் உலைக்குப் பக்கத்து ஸீட்டில் வந்திருந்தார் போலிருக்கிறது. பல் மட்டும்தான் வெள்ளை. பல் தெரிகிறதே, சிரிக்கிறாரா என்று பார்த்தேன். மூச்சு வாங்குகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“மச்சான்…”

“நான்தான் மாப்புள. பேயப் பாத்த மாதிரி பாக்காதீய.”

“சொல்லுங்க.”

“பொட்டப்புள்ள. நேத்து வெடியக்காலம். ரெண்டு உசிரும் நல்லாருக்கு. புள்ள அழுத அழுகையில பக்கத்து வீட்டுக்காரன் எந்திரிச்சு ஏர் பூட்டிட்டான்.”

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் என் தோளை ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய இடத்தில் கரி ஐந்து விரலாகப் பதிந்தது.

“ஒக்காந்தா எப்புடி? எந்திரிங்க. மொதல்ல சவரம். நாளைக்கி வெள்ளிக்கிழம, கத்தி வைக்கக் கூடாது. நாளக்கழிச்சுச் சனி. விளக்கு வச்சாலும் கூடாது. இப்ப விட்டா ஞாயித்துக்கெழமதான். இந்த மூஞ்சியோட வந்து புள்ளயத் தூக்குனா அது மறுபடி உள்ள போயிரும்.”

மேற்கே சூரியன் தென்னைகளுக்குள் இறங்கியிருந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை மூட்டினேன். மச்சானுக்குக் கரி போகக் குளிக்க வேண்டும். எனக்கு எட்டு மாதத் தாடி ஊற வேண்டும். தவலை கொதித்தது. மச்சான் கிணற்றடியில் முதல் சுற்றுக் கரியைக் கழுவிக்கொண்டே, “சீக்கிரம், சீக்கிரம்!” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்கோலால் தாடியை முடிந்த வரை வெட்டிப்போட்டேன். கூரைக் கண்ணாடி ஓட்டின் வழியே அந்திச் சிவப்பு இறங்கியது. காலை வெயிலில் வெள்ளையாகத் தொங்குகிற ஆவி அப்போது மஞ்சளும் சிவப்புமாக, மருதாணி கரைத்த தண்ணீர் மாதிரி அறையில் நிறைந்தது.

கண்ணாடி மங்கத் தொடங்கியது. ஓரத்திலிருந்து உள்ளே, மேலிருந்து கீழே, என்னை அழித்துக்கொண்டே வந்தது. முகத்துக்கு அருகில் வந்து நின்றது. அவள் போட்ட வட்டம் அப்படியே இருந்தது. பங்குனியில் வளையல் குலுங்கத் தேய்த்தது. யார் கையும் படாமல், எந்த ஆவியும் தொடாமல், இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குள் என் முகம், அரைகுறையாய் வெட்டிய தாடியோடு, வாய் பிளந்து நின்றது. பக்கத்தில் தாழ்வாக அவளுடைய பொட்டு வட்டம், ஆள் இல்லாமல், சுவரின் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு.

நுரை பூசினேன். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ள யாரும் பின்னால் இல்லை. கத்தி வைத்தேன். முதல் இழுப்பில் ஒரு கன்னத்துத் தோல் வெளுப்பாக, வேறு யாருடையதோ போல வெளிவந்தது. மற்றக் கன்னம். மேலுதடு. கடைசியில் தாடையின் அடியை மழிக்கத் தண்ணீர் எடுக்கக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

கண்ணாடியின் அடியில், என் முழங்காலுக்குச் சற்று மேலே, இன்னொரு வட்டம் இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. சுற்றிலும் ஆவி செக்கச்செவேலென்று மூடியிருக்க, அது மட்டும் தெளிந்து கிடந்தது. அதில் ஈரத் தரையும் தவலையின் அடியில் எரிகிற நெருப்பும் தெரிந்தன.

நான் குந்தி உட்கார்ந்தேன். என் முகம் அதற்குள் முழுசாக அடங்கவில்லை. ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும். நடை பழகுகிற பிள்ளை நின்றால் சரியாக இருக்கும்.

துணி வாங்காதவள். தொட்டில் பேச்சு எடுக்காதவள். வேட்டியைக் கிழிந்த அன்றைக்கே அடுப்படிக்குப் போட்டவள்.

“மாப்புள! விளக்கு வைக்கப் போறாங்க!” என்று வெளியே மச்சான் கத்தினார். நான் எழுந்து, தாடையில் மிச்சமிருந்ததை மழித்து முடித்தேன். ஓரிடத்தில் கீறிக்கொண்டேன். கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது. கண்தான் மங்கிவிட்டது.

மறுநாள் கரி பஸ்ஸில் போனோம். மச்சான் இந்தத் தடவை என்னை உலைப்பக்கம் உட்காரவைத்துவிட்டுத் தாம் முன்னால் போய்விட்டார். அதனால் மழுமழுவென்று மழித்த முகம் முழுக்கக் கரியோடுதான் நான் போய் இறங்கினேன். வாசலில் இருந்த ஆத்தா என்னை அடையாளம் தெரியாமல், “யாரு வேணும்?” என்று கேட்டாள். பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் விரல் போன இடத்தில் கரி விலகித் தோல் தெரிந்தது. “சுத்தமா மழிச்சுட்டியா அப்பு?” என்றவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கழுவிட்டு உள்ள போ. கரியோட தொட்டுராத” என்றாள்.

அவள் கிழக்குப் பார்த்த அறையில் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய சேலைத் துணிக்குள் பிள்ளை தூங்கியது. சிவந்த, மடிப்பு மடிப்பான, யார் சாயலும் இல்லாத முகம். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஏதாவது கேட்டிருக்க வேண்டும். உடம்பு எப்படி இருக்கிறது, வலித்ததா என்று. ஆனால் என் வாயில் வந்தது இதுதான்:

“கண்ணாடியில கீழ ஒரு வட்டம் இருந்துச்சே.”

அவள் பிள்ளையின் முகத்திலிருந்து ஈயை ஓட்டினாள்.

“கை பட்டிருக்கும்” என்றாள்.

“அவ்வளவு ரவுண்டாவா?”

“படும்.” பிறகு என்னைப் பார்த்தாள். மழித்த முகத்தை, கீறலை, காதோரம் கழுவியும் போகாத கரியை, எல்லாவற்றையும் பார்த்தாள். உதடு ஓரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. “நீங்க எதுக்கு அங்கிட்டுப் பாத்தீங்க? ஒங்களுக்கு மேலல்ல போட்டு வச்சேன்.”

பிள்ளை கண்ணைத் திறக்காமலே வாயைக் கோணிக்கொண்டது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “அழியாம இருக்கா அது?” என்று கேட்டாள்.

“இருக்கு” என்றேன். “கதவச் சாத்தித்தான் வச்சிருக்கேன். யாரும் கை வைக்கல.”